பாத்திரக்கடைக் காலண்டரில் மே இருபத்து மூன்று

புளியடிப்பேரியில் சாகுல் அமீது பாய் தன் பாத்திரக்கடையின் பெயர் போட்டு இலவசமாகக் கொடுத்த நானூற்றுப் பன்னிரண்டு காலண்டர்களும் ஜனவரி ஒன்றாம் தேதியன்று உலகத்தில் உள்ள மற்றக் காலண்டர்களைப் போலத்தான் இருந்தன. மேலே பெரிய எழுத்தில் தேதி, அதற்குக் கீழே நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம், கடைசியில் யாரும் படிக்காத ஒரு பொன்மொழி. இரண்டாம் தேதி காலையில் ஊர் எழுந்து, பல் விளக்கி, முதல் தாளைக் கிழித்தபோது பொன்மொழி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று வரிகள் இருந்தன. நானூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் அதே மூன்று வரிகள்தான்.

வரலாறு: 1949 – ஊருக்கு முதல் பஸ் வந்தது. டிரைவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார், சுப்பம்மாள் மோர் கொடுத்தாள்.

விளையாட்டு: 1974 – வேலம்மாள் தன் மாமியாரைத் தாயத்தில் பதினோரு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தாள். பன்னிரண்டாவது ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்றாள்.

இசை: 1982 – கொத்தனார் பால்ராஜ் பூச்சு வேலைக்கு நடுவே பாடினார். பாட்டு முடிவதற்குள் சாந்து காய்ந்துவிட்டது.

இதெல்லாம் எப்படி அச்சாகி வந்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. வேலம்மாள் ஏன் தோற்றாள் என்றுதான் கேட்டார்கள். எழுபது வயதைத் தாண்டிய வேலம்மாள் வாசலில் கூடிய கூட்டத்தைப் பார்த்து, "பாவம், கண்ணு கலங்கிட்டு அந்த அம்மாவுக்கு. சோறு யாரு போடுவா எனக்கு?" என்றாள். அன்று சாயங்காலமே வெளியூரில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் போனில் கூப்பிட்டு, அப்படியானால் எங்கம்மா ஜெயித்த ஒரே ஒரு ஆட்டமும் பொய்தானா என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டாள். பால்ராஜின் பேரன் மார் நிமிர்த்திக்கொண்டு கடைத்தெருவில் நடந்தான். இப்படியாக அந்த வருஷம் தொடங்கியது.

அமீது பாய் ஒழுங்கான மனிதர் என்பதால் காலண்டர் அடித்துக் கொடுத்தவர்களிடம் போனில் விசாரித்தார். ஜனவரி இரண்டுக்கு 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்றுதான் அடித்தோம் என்று அவர்கள் சத்தியம் செய்தார்கள். "அவங்க அனுப்புனது அது, இங்க வந்து சேந்தது இது. லாரில வரும்போது என்ன நடந்துச்சோ, நமக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு பாய் எவர்சில்வர் குடத்தைத் துடைக்கப் போய்விட்டார். அவசரக் குடுக்கைகள் சிலர் நாலு நாள் தாளை முன்கூட்டியே கிழித்துப் பார்த்தார்கள், அதில் பொன்மொழி மட்டும்தான் இருந்தது. சூரியன் தலைகாட்டினால்தான் வரிகள் வரும் என்றும், ஊர் எல்லையில் இருக்கும் ஓடைப்பாலத்தைத் தாண்டித் தாளைக் கொண்டுபோனால் வரிகள் போய்ப் பொன்மொழி வந்துவிடும் என்றும், இந்த ஊரில் பிறந்தவர்களின் சங்கதி மட்டுமல்லாமல் இங்கே வாழ வந்த மருமகள்களின் பிறந்த ஊர்ச் சங்கதியும் கூடவே சீதனம் மாதிரி வரும் என்றும் பொங்கலுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு பத்திரிகைக்காரர் வந்து, மீன்குழம்பு சாப்பிட்டு, தாளைப் பையில் வைத்துக்கொண்டு போனார். பாலத்தைத் தாண்டியதும் எடுத்துப் பார்த்திருப்பார். அப்புறம் அவர் வரவே இல்லை.

காலண்டர் பெரிய மனிதன் சின்ன மனிதன் பார்க்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நிற்கும் மூன்று வேம்புகளை வைத்தது தான்தான் என்று கல்லில் பொறித்து வைத்திருந்தார் பஞ்சாயத்தின் முன்னாள் தலைவர் தங்கமாடன். தெரு கூட்டும் மாடத்தி நாலு கோடை முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி அவற்றைப் பிழைக்கவைத்தாள் என்று பிப்ரவரியில் வரலாறு சொன்னதும், தங்கமாடனே ஆளைக் கூட்டிவந்து மாடத்தியின் பெயரையும் கல்லில் வெட்டச் சொன்னார். அவள் பெயர் தன் பெயருக்கு மேலே வந்துவிட்டதைக் கல் நட்ட பிறகுதான் கவனித்தார். தன் ஆட்சியின் சாதனை ஏதாவது வராதா என்று தினமும் முதல் ஆளாகத் தாளைக் கிழித்துக் காத்திருந்தவருக்கு மார்ச்சில் ஒரு இடம் கிடைத்தது. அதுவும் இசைப் பகுதியில்: 2009, குறைதீர்க்கும் கூட்டத்தில் அவர் விட்ட குறட்டை. ஊர் ஒரு வாரம் சிரித்தது. அவரும் இரண்டாம் நாளிலிருந்து சேர்ந்து சிரித்தார். அவர் போட்டோவுக்குப் பக்கத்தில் அந்தத் தாள் இன்றைக்கும் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

எல்லோரும் இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஊரில் ஒருவர் மட்டும் ஒவ்வொரு தாளையும் பயந்து பயந்து கிழித்தார். அவர் மாவு மில் பூலோகபாண்டியன்.

பூலோகபாண்டியனை அந்தப் பெயரில் கூப்பிடுகிறவர்கள் குறைவு. ஊருக்கு அவர் கப்பு அண்ணாச்சி. 1987 மே இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம், பக்கத்து ஊரான கல்லத்தியூரோடு நடந்த வாலிபால் இறுதி ஆட்டத்தில், கடைசி செட்டில் புளியடிப்பேரி பதினாலு, கல்லத்தியூர் பதின்மூன்று என்று நின்றபோது, எதிரணியின் பெரிய அடிகாரன் ஓங்கி அடித்த பந்தைத் தடுக்க வலைக்கு மேலே எம்பியவர் இருபது வயது பூலோகபாண்டியன். பந்து அவர் கைகளைத் தாண்டிக் கோட்டுக்கு வெளியே விழுந்தது. நடுவர் ஞானமுத்து வாத்தியார் அவுட் என்று விசில் ஊதினார். ஊர் ஜெயித்தது. புளியடிப்பேரிக்கு அதற்கு முன்னும் கப்பு கிடையாது, பின்னும் கிடையாது. பூலோகபாண்டியன் எம்பிய எம்பில் பயந்துபோய்த்தான் அடிகாரன் பந்தை வெளியே அடித்தான் என்று ஊர் முடிவு செய்து, அன்றிலிருந்து வருஷா வருஷம் மே இருபத்து மூன்றைக் கப்பு நாளாகக் கொண்டாடி வந்தது. கப்பைப் புளி போட்டுத் துலக்கி மைதானத்தில் வைப்பார்கள், அவருக்குத் துண்டு போர்த்துவார்கள், இளைஞர்களின் ஆட்டத்துக்கு முதல் பந்தை அவர் போட்டுத் தொடங்கி வைப்பார்.

நடந்தது வேறு. பந்து அவருடைய இடது கைச் சுண்டுவிரல் நகத்தில் பட்டுத்தான் வெளியே போனது.

யாரும் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்து மைதானங்களில் ஒரு வழக்கம் இருந்தது. விரலில் பட்ட பந்தை நடுவர் கவனிக்காவிட்டால், பட்டவனே கையைத் தூக்கி 'டச்' என்று சொல்லிவிடுவான். எழுதாத சட்டம், அப்பனுக்குச் சோறு போடாதவன்கூட அதை மீற மாட்டான். அந்தக் காலத்து விதிப்படி, பூலோகபாண்டியன் கையைத் தூக்கியிருந்தால் புள்ளி கிடைத்திருக்காது, பந்து போடும் முறை கல்லத்தியூருக்குப் போயிருக்கும், ஆட்டம் தொடர்ந்திருக்கும், யார் ஜெயித்திருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும். அவர் தூக்கத்தான் நினைத்தார். அதற்குள் ஊரே மைதானத்துக்குள் பாய்ந்து அவரைத் தூக்கிவிட்டது. தோளில் உட்கார்ந்திருக்கிறவன் கையைத் தூக்கினால் அதை வெற்றி என்றுதானே எடுத்துக்கொள்வார்கள்?

இதோடு போயிருந்தால்கூட மனிதர் எப்படியோ செரித்திருப்பார். ஆறு வருஷம் கழித்து அப்பா பார்த்து வைத்த பெண்ணைப் பார்க்கக் கல்லத்தியூருக்குப் போனார். பெண்ணின் பெயர் வடிவு. இருபது வயதிலேயே நெற்றியோரம் ஒரு மயிரிழை நரையோடு, நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசினாள், அங்கேயே அவர் விழுந்துவிட்டார். அல்வாத் தட்டை நீட்டிய பெண்ணின் அண்ணன் யார் என்று பார்த்தால், அந்த அடிகாரன் அருணாசலம். "அன்னைக்கு நல்லா எம்பினீரு மாப்ள" என்றார் அருணாசலம். அப்போதே சொல்லியிருக்கலாம், வாயில் அல்வா இருந்தது. அல்வா கரைந்தபோது தாம்பூலம் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அருணாசலம் அந்த ஆட்டத்துக்குப் பிறகு பந்தைத் தொடவே இல்லை. வாழைத் தோப்போடு சரி. இரண்டு ஊரிலும் அவருக்கு 'அவுட்டு அருணாசலம்' என்றே பெயர், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள்கூட அப்படித்தான் வீடு விசாரிப்பார்கள். மச்சினர் முறை என்பதால் கப்பு நாளுக்கு வருஷம் தவறாமல் ஒரு வாழைத் தாரோடு வந்து முன் வரிசையில் உட்காருவார், கேலிக்கெல்லாம் சிரிப்பார். வடிவு மட்டும் அந்தப் பக்கமே வரமாட்டாள். அன்றைக்கு என்று பார்த்து அவளுக்குத் தலைவலி வரும்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலண்டர் சொன்னது: விளையாட்டு: 1994 – சடுகுடு இறுதி ஆட்டத்தில் அய்யாத்துரை முழங்காலுக்குக் கீழே விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு இறங்கினார். அய்யாத்துரை மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். நாலாம் நாள் பால் வாங்க வெளியே வந்தே ஆகவேண்டியிருந்தது. ஊர் அவரைப் பத்து நாள் 'விளக்கெண்ணெய்' என்று கூப்பிட்டுவிட்டு மறந்துபோனது. ஆனால் பூலோகபாண்டியனுக்குக் காலண்டரின் குணம் புரிந்துவிட்டது. அது கோபமில்லாமல், குரலை உயர்த்தாமல், உள்ளதை உள்ளபடி சொல்லும். அய்யாத்துரையின் எண்ணெயால் இன்னொருவன் பெயர் கெடவில்லை. தன் கதை அப்படி இல்லை. ஊரும் பெண்டாட்டியும் மச்சானும் ஒரே விடியலில், நானூற்றுப் பன்னிரண்டு தாளில், தன்னைப் படித்துவிடுவார்கள்.

அன்றிலிருந்து மில்லில் மாவு மாவாக வரவில்லை. மிளகாய்த்தூள் அரைத்த கையோடு, கல்லைத் துடைக்காமல், ஒரு பிள்ளைத்தாய்ச்சி வீட்டுச் சத்துமாவைப் போட்டு அரைத்துக் கொடுத்துவிட்டார். இடியாப்பத்துக்குக் கொடுத்த அரிசி புட்டுக்கு ஆகிற மாதிரி நொய்யாகப் போனது. முறைக்காகக் காத்திருக்கும் பெண்கள் தும்மிக்கொண்டே, "கப்பு அண்ணாச்சி, நம்ம நாளு வருதுல்லா, அந்தச் சந்தோசம்" என்று சொல்லி மன்னித்தார்கள். ஊரும் அப்படித்தான் நினைத்தது. இத்தனை குட்டிக் குட்டிச் சங்கதிகளைச் சொன்ன காலண்டர் ஊரின் ஒரே பெருமையை எப்படிச் சொல்லப்போகிறதோ என்று ஆளாளுக்கு ஆசையாக இருந்தது. தங்கமாடன் நாற்பதடி பேனருக்குச் சொல்லி வைத்தார்.

மே பத்தாம் தேதி வாக்கில் அருணாசலம் போன் செய்தார். "மாப்ள, ஒரு விசயம். அந்தக் காலண்டர்ல என் அவுட்டு எத்தன இஞ்சுன்னு போடுமா?"

"எதுக்கு மச்சான்?"

"ஒண்ணுமில்ல. அன்னைக்கு நான் கோட்டுக்கு உள்ளதான் பாத்து அடிச்சேன். எப்படி வெளிய போச்சுன்னு இன்னைய வரைக்கும் புரியல. வாழைக்குத் தண்ணி கட்டும்போதெல்லாம் அத நெனச்சுக்கிட்டே மணிக்கட்ட திருப்பித் திருப்பிப் பாப்பேன். ரெண்டு இஞ்சா, அரை அடியான்னு தெரிஞ்சா மனசு ஆறிரும்."

பூலோகபாண்டியன் போனை வைத்துவிட்டு மோட்டாரை ஓடவிட்டு, சத்தத்துக்குள் நின்று அழுதார். முகத்தில் படிந்திருந்த மாவில் கண்ணீர் வழிந்து கோடு கோடாக நின்றது. அதைப் பார்த்த ஒரு பெண்ணுக்கு, அன்றைக்கு எதை அரைக்கக் கொடுத்தோம் என்று மறந்துபோனது.

காலண்டர்களை எல்லாம் திரும்ப வாங்கிவிடலாமா என்றும் யோசித்தார். நானூற்றுப் பன்னிரண்டு வீடு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மே இருபத்து மூன்றின் தாளை மட்டும் தன் வீட்டில் முன்னமே கிழித்துப் பார்த்தார். 'வாய்மையே வெல்லும்' என்று அச்சிட்டிருந்தது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவருக்கு அன்றிலிருந்து அந்தப் பக்க மார்பில் ஒரு பாரம்.

"உங்களுக்கு என்னதான் வந்துட்டு? நேத்து மோருல சீனி போட்டுக் குடிச்சீங்க" என்றாள் வடிவு.

"வெயிலு" என்றார்.

இருபத்து மூன்றாம் தேதி விடிந்தது. தன் வீட்டுத் தாளைத்தான் கிழித்தாகிவிட்டதே, அதனால் பூலோகபாண்டியன் குளிக்காமல் கொள்ளாமல் மில்லுக்குப் போய், அங்கே தொங்கிய காலண்டருக்கு முன்னால் நின்றார். தெருவில் ஒவ்வொரு வீடாகத் தாள் கிழியும் சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

வரலாறு: 1936 – பெரியகுளத்து மடை உடைந்தது. மூன்று பேர் முதுகைக் கொடுத்து விடியும்வரை அடைத்தார்கள்.

விளையாட்டு: 2003 – மூன்றாம் வகுப்பு ஜெனிபர் ஒற்றைக் காலில் நொண்டியடித்துப் பள்ளிக்கூடத்தை ஒரு முழுச் சுற்று வந்தாள்.

அவ்வளவுதான். கப்பு இல்லை, கல்லத்தியூர் இல்லை, சுண்டுவிரல் இல்லை. முப்பத்தேழு வருஷப் பாரம் ஒரே மூச்சில் இறங்கியதுபோல இருந்தது. ஜெனிபர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தினார், கையெடுத்துக்கூடக் கும்பிட்டார். பிறகுதான் மூன்றாவது வரியைப் படித்தார்.

இசை: 1987 – கல்லத்தியூரில், தோற்றுவந்து கதவைச் சாத்திக்கொண்ட அண்ணன் சாப்பிட வரட்டும் என்று, பதினாலு வயது வடிவு கதவுக்கு வெளியே உட்கார்ந்து தனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடினாள். தொண்டை கட்டும்வரை பாடினாள். கதவு திறக்கவில்லை.

பூலோகபாண்டியன் அந்த வரியை மூன்று தடவை படித்தார். முப்பத்தோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்து, மூன்று பிள்ளை பெற்று, ஒரு தடவைகூட வடிவு பாடி அவர் கேட்டதில்லை. பிள்ளைகளைத் தட்டித்தான் தூங்கவைப்பாள், தாலாட்டு கிடையாது. கோழியை விரட்டுகிற குரல்தான் அவளுக்கு உள்ள குரல் என்று நினைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்படியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி அதற்குள் தாளைக் கொண்டுவந்து காட்டியிருந்தாள். அது விறகுப்பெட்டி மேல் கிடந்தது.

"நீ பாடுவியா வடிவு?"

"பாடுவேன் அப்பம், சின்ன வயசுல." திருவுவதை அவள் நிறுத்தவில்லை. "பள்ளிக்கூடத்துல பரிசெல்லாம் வாங்கியிருக்கேன். அண்ணனுக்கு என் பாட்டுன்னா உசிரு. அன்னைக்குப் பாடினா வந்துருவான்னு நெனச்சேன். மூணு நாளு வரல. நாலாம் நாளு வந்து, மம்பட்டிய எடுத்துக்கிட்டுத் தோப்புக்குப் போயிட்டான். அண்ணனையே எழுப்ப முடியாத பாட்டு எதுக்குன்னு விட்டுட்டேன். சின்னப் பிள்ளைல்லா, அப்படித்தான் தோணிச்சு. அப்புறம் வாயில வரல."

காலண்டர் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது பூலோகபாண்டியனுக்கு நன்றாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டால் இன்றைக்குத் துண்டு, நாளைக்கு மில், அடுத்த வருஷம் இன்னொரு துண்டு. இப்படியே செத்தும் போகலாம், கப்பைத் தலைமாட்டில் வைத்து எடுத்துப்போவார்கள்.

"வடிவு," என்றார், "அன்னைக்கு உங்க அண்ணன் அடிச்சது அவுட்டு இல்ல. என் விரல்ல பட்டுத்தான் வெளிய போச்சு. நான் கை தூக்கல."

தேங்காய் திருவும் சத்தம் நின்றது. அவள் அவரைப் பார்த்தாள். பெண் பார்த்த அன்று பார்த்த அதே நேர்ப் பார்வை. குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது.

"எங்கிட்ட சொல்லி என்ன?" என்றாள். "அண்ணன் சாயந்தரம் வருவான்." அதற்குப் பிறகு அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றைப் போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை.

சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் கப்பு பளபளவென்று மேஜைமேல் இருந்தது. பின்னால் நாற்பதடி பேனரில், இருபது வயது பூலோகபாண்டியன் வலைக்கு மேல் பறந்துகொண்டிருந்தார். காலண்டர் ஊரை ஏமாற்றிவிட்டதே என்று கொஞ்சம் முனகல் இருந்தது. தங்கமாடன் மைக்கைப் பிடித்து, "காலண்டருல போடலேன்னா என்ன? என் குறட்டையத் தெரிஞ்ச காலண்டருக்கு நம்ம கப்பத் தெரியலேன்னா அது காலண்டரோட குத்தம்" என்றதும் எல்லோரும் கைதட்டி மனசு ஆறினார்கள். அருணாசலம் வாழைத் தாரைக் காலடியில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் இருந்தார். பெண்கள் நிற்கும் வேப்பமர நிழலில், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, வடிவு நின்றாள்.

துண்டைப் போர்த்த வந்தார்கள். பூலோகபாண்டியன் அதைக் கையில் வாங்கி மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு மைக்கைக் கேட்டார். அவர் ஒருநாளும் பேசியதில்லை என்பதால் கூட்டம் விசிலடித்தது.

"அந்தப் பந்து எம்மேல பட்டுச்சு," என்றார். "இந்தச் சுண்டுவிரல்ல. எனக்கு அப்பமே தெரியும். நான் டச் சொல்லல. எங்க மச்சான் அடிச்சது அவுட்டு இல்ல."

மைக் மட்டும் கீச்சென்று கத்தியது. அவரோடு அன்றைக்கு ஆடிய ஒருவர், "ஏல பாண்டி, வெயில்ல நின்னுட்டு வந்தியா?" என்றார். எண்பது வயது ஞானமுத்து வாத்தியாருக்கு விஷயத்தைக் காதில் உரக்கச் சொன்னார்கள். அவர், "ஊதின விசில நான் திரும்ப உறிய முடியுமாடே?" என்று கேட்டார். அதற்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஊர் தன் கப்பைப் பார்த்தது, பேனரைப் பார்த்தது, கடைசியில் எல்லோரும் அருணாசலத்தைப் பார்த்தார்கள்.

அருணாசலம் எழுந்து வந்தார். அடிப்பார் என்றுதான் பூலோகபாண்டியன் நினைத்தார், வாங்கிக்கொள்ளத் தயாராகவும் நின்றார்.

"எந்த விரலு?"

இடது கையை நீட்டினார். அருணாசலம் அந்தச் சுண்டுவிரலைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பி, நகத்தை உற்றுப் பார்த்தார். "இதுலயா? எவ்வளவு பட்டுச்சு?"

"நுனியில. நகம் லேசா வலிச்சுது."

"இது படலேன்னா?"

"உள்ளதான் விழுந்திருக்கும் மச்சான். கோட்டுக்கு நல்லா உள்ள."

அருணாசலம் விரலை விட்டார். யாரையும் பார்க்காமல், முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் பந்து விழுந்த மூலைக்கு நடந்துபோய், ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் இரண்டும் குலுங்கின. அவர் பக்கத்தில் போக யாருக்கும் தைரியம் இல்லை. வடிவு மட்டும் போனாள். போய் அவர் பக்கத்தில் நின்றாள். அண்ணன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வலது மணிக்கட்டை ஒரு தடவை திருப்பிப் பார்த்து, "என் கை சரியாத்தான் இருந்திருக்கு வடிவு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் இருபத்திரண்டு வயதுக்காரன் முகமாக இருந்தது.

தங்கமாடன் கப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "அருணாசலம், இது உங்க ஊருக்குச் சேந்தது வே."

"அத வச்சுக்கிடுங்க. புளி போட்டுத் துலக்க எங்களால முடியாது," என்றார் அருணாசலம். பிறகு செருப்பைக் கழற்றினார், வேட்டியை மடித்துக் கட்டினார். "ஒரு பந்து குடுங்க. மாப்ள, நீரு நெட்டுக்கு வாரும்."

மைதானம் முழுக்க எழுந்து நின்றது. இந்த ஊர் இளைஞன் ஒருவன் பந்தை வலையோரம் தூக்கிக் கொடுத்தான். ஐம்பத்தொன்பது வயது அருணாசலம் மூன்று எட்டு ஓடி ஒரு செங்கல் உயரம் எம்பினார். வலைக்கு அந்தப் பக்கம் ஐம்பத்தேழு வயது பூலோகபாண்டியன் கையை விரித்துக்கொண்டு அதே செங்கல் உயரம் எம்பினார். அடி விழுந்த சத்தத்துக்கு வேப்பமரத்துக் காக்கைகள் கலைந்தன. பந்து விரல்களை ஒட்டிப் பறந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது.

ஞானமுத்து வாத்தியார் விசிலை வாயில் வைத்திருந்தார், ஊதவில்லை. பூலோகபாண்டியனைப் பார்த்து, "நீயே சொல்லுடே" என்றார்.

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். 'பட்டுச்சு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மைதானம் ஆர்ப்பரிக்கும், மச்சானைத் தோளில் தூக்குவார்கள், பட்ட கடன் பட்டபடி தீர்ந்துவிடும். அருணாசலத்தின் கண்ணும் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்ததுபோல இருந்தது. விரலுக்கு அடியில் காற்று போனதைத் தவிர வேறு ஒன்றும் பூலோகபாண்டியனுக்குத் தெரியவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் வடிவு. காலைக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

"யோசிச்சிட்டேன்," என்றார். "படல. இது அவுட்டுதான் மச்சான். ஒரு ஜாண் அவுட்டு."

அருணாசலம் அவரையே பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து, கண்ணில் நீர் வருகிற மட்டும் சிரித்தார்.

"ஒரு ஜாணா?"

"ஒரு ஜாண்தான்."

"நீரு சொன்னா சரிதான்," என்று அருணாசலம் தரையில் கையை ஊன்றி எழுந்தார். "இன்னொரு பந்து தூக்குங்கல."